வெட்டு என்ற சொல்லுக்கு நான் எழுதிய குறிப்பு

ஓய்வு பெற்றவன் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். தலையில் பாதிக்கு மேல் இன்னும் கறுப்பு. திண்டுக்கல் பேகம்பூரிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போய் நடந்தே வருகிறேன். எதிலிருந்து பாய் ஓய்வு, தபாலாபீஸா, பேங்கா, பள்ளிக்கூடமா என்று கேட்கிறார்கள். பதிலை எங்கே தொடங்குவது என்று நான் யோசிப்பதற்குள் கேட்டவர் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார். எனக்கும் அது வசதி. என் வேலைக்கு ஊரில் பெயர் கிடையாது.

வேலை இதுதான். ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஒரு தளம் இருக்கிறது. அதில் உலகத்து ஜனம் எழுதுகிறது, பேசுகிறது, பாடுகிறது, திட்டுகிறது. அதிலே தமிழில் வருவதைப் பார்த்து, இது இருக்கலாம், இது இருக்கக் கூடாது என்று சொல்ல வேண்டும். அந்தத் தளத்தின் பெயரை எங்கும் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சொல்லாவிட்டால் என்ன, உங்கள் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

இப்போது அந்த வேலையை மெஷின் பார்க்கிறது. எங்கள் அறையைக் காலி செய்து பல நாள் ஆன பிறகு, என்னோடு வேலை பார்த்த நிவேதா போன் பண்ணினாள். "பாயண்ணே, நீங்கதான் கவிதை கிவிதையெல்லாம் எழுதுவீங்கல்ல. நம்ம என்ன வேலை பார்த்தோம்னு ஒரு எழுத்தாவது இருக்கட்டுமே. எங்க வீட்டுல இன்னும் கால் சென்டர்னுதான் நினைச்சுக்கிட்டு இருக்காக." எழுதுகிறேன் என்றேன். பெருமையாக எழுதுவேன் என்று அவள் நினைத்திருப்பாள்.

திருச்சி ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். பலகை கிடையாது. நாங்கள் அந்தப் பெரிய கம்பெனியின் ஆட்களும் கிடையாது. அதற்கு வேலை செய்து கொடுக்கும் கம்பெனி ஒன்று, அதற்கு ஆள் கொடுக்கும் கம்பெனி இன்னொன்று, அதற்கும் கீழே நாங்கள். கீழ்த்தளத்தில் பட்டுப்புடவைகளைப் பிரித்துப் பிரித்து வீசுவார்கள். மேலே நாங்கள் பேச்சைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தோம். ஜன்னலைத் திறந்தால் மலைக்கோட்டை தெரியும். ஜன்னலைத் திறக்கக் கூடாது என்பது விதி.

அச்சாபீஸில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அச்சாபீஸ் படுத்தது, இங்கே வந்தேன். பயிற்சி என்று சில வாரம் நடந்தது. இங்கிலீஷில் தடிமனான விதிப்புத்தகம். அதன் கடைசியில் தமிழ்க் கெட்ட வார்த்தைப் பட்டியல் ஒன்று. எழுத்துப்பிழைகளோடு இருந்தது. பழைய பழக்கத்தில் பென்சிலை எடுத்துத் திருத்திக் கொடுத்தேன். பயிற்சி கொடுத்த பெண் நெடுநேரம் சிரித்தாள்.

திரையில் இடப்பக்கம் ஒருவர் எழுதியது. வலப்பக்கம் மூன்று பொத்தான்: விடு, எடு, மேலே அனுப்பு. யார் எழுதினார் என்று தெரியாது, முகம் தெரியாது, ஊர் தெரியாது. யோசிக்க நேரம் கிடையாது. நீங்கள் கொட்டாவி விடும் நேரத்தில் ஒருவருடைய பேச்சு போய்விடும் அல்லது பிழைத்துவிடும். அப்புறம் தரச்சோதனை. ஒரே பதிவை இரண்டு பேருக்குக் காட்டுவார்கள். இருவரும் ஒரே பொத்தானை அழுத்தினால் மார்க்கு. வேறு வேறு அழுத்தினால் இருவருக்கும் குறையும். ஆக, இது சரியா தப்பா என்று யோசிக்கிற பழக்கம் கொஞ்ச நாளில் உதிர்ந்துபோகும். பக்கத்து நாற்காலிக்காரன் என்ன அழுத்துவான் என்று மட்டும் யோசிப்பீர்கள். ஒரு கூட்டமே இப்படி ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதற்குத் தரம் என்று பெயர்.

முழுக்க இழித்துச் சொல்லவும் மனசு வரவில்லை. அந்த அறையில் நான் பார்த்த சில படங்களை என் எதிரிகூடப் பார்க்க வேண்டாம். பிள்ளைகளை வைத்து எடுத்தவை. அவற்றை எடுத்து எறிந்தபோது நான் பக்கத்து நாற்காலியை நினைக்கவே இல்லை. இது எங்கள் இடம், இங்கே இது கூடாது என்று சொல்ல ஒரு சொந்தக்காரன் இருந்ததால்தான் அது முடிந்தது. அதையும் மறக்காமல் எழுதிவைக்கிறேன்.

எங்கள் டீம் லீடு கதிர்வேல். பழனிப் பக்கம் பாலசமுத்திரத்துக்காரர். என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர். வீட்டில் தென்னந்தோப்பு. தப்பு கண்டுபிடித்தால் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். நடந்து வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வார். அவர் முகம் நம் முகத்துக்குக் கீழே இருக்கும். "ஒரு சின்னத் திருத்தமுங்கண்ணா" என்பார். "இதை எடுத்துப்போடலாமுங்களா?" என்று கேட்பார். கேள்வி மாதிரி இருக்கும், உத்தரவு அது. அந்த 'ங்க' எத்தனை பேருடைய வாயை மூடியிருக்கிறது என்று நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. டீ குடித்த தம்ளரைத் தானே கழுவி வைப்பார். அவரைக் கெட்டவர் என்று எழுத முடியாது. அதுதான் தொல்லை.

ஒருநாள் கீழே டீக்கடையில் நிவேதா கேட்டாள். "சார், பேச்சுரிமைன்னு ஸ்கூல்ல படிச்சோமே. நம்ம இப்படி எடுத்துக்கிட்டே இருந்தா அது என்னாவுறது?"

கதிர்வேல் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "ஒரு கல்யாண மண்டபம் இருக்குதுங்க. மேளம் அடிக்கலாம், பந்தி போடலாம், பாட்டுக் கச்சேரி வெக்கலாம். ஒருத்தர் குடிச்சுப்போட்டு மேடையில ஏறினா வாட்ச்மேன் இறக்கி விடுவாருங்களா, மாட்டாருங்களா?"

"விடுவாரு."

"அவரு கோர்ட்டுக்குப் போயி எம்பட பேச்சுரிமை போச்சுங்கன்னா?"

"செல்லாது."

"அவ்வளவுதானுங்க. கவர்மெண்டு வாயை மூடுன்னா அதைக் கேக்க அரசியல் சட்டம் இருக்குது. மண்டபக்காரரு சொன்னா வேற மண்டபம் பாத்துக்க வேண்டியதுதான். சொத்து அவரோடதுங்களே."

"ஊருக்கே அந்த ஒரு மண்டபந்தேன் இருக்குன்னா? தெருவுல பந்தல் போட்டாலும் அங்கயும் அதே வாட்ச்மேன் வந்து நின்னா?"

"ஏனுங்க நிவேதா, டீ ஆறுது, குடிங்க."

நான் சிரித்தேன். அவர் பக்கம் நின்று சிரித்தேன். வாதம் அழகாக இருந்தது. அழகான வாதம் என்றால் எனக்கு ஒரு மயக்கம், அது என் பிறவிக்குணம்.

பாண்டியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். கூட்டி வந்தவன் என் மச்சான் சிக்கந்தர். பூ மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் பரோட்டாக்கடை வைத்திருக்கிறான். சேவுகம்பட்டியிலிருந்து மல்லிகை கொண்டுவரும் பாண்டியம்மா அவன் கடையில்தான் டீ குடிப்பாள். நாற்பதை ஒட்டிய வயது, காதுக்குப் பின்னால் சீப்பு செருகியிருந்தாள், ஈரம் காயாத சாக்கு ஒன்றைக் கையில் மடித்து வைத்திருந்தாள்.

"மச்சான், கோவிச்சுக்காதீக" என்றான் சிக்கந்தர். "அக்கா கடையில உக்காந்து அழுதுருச்சு. வாய் தவறிச் சொல்லிப்புட்டேன், நீங்க அந்தக் கம்பெனியிலதான் இருக்கீகன்னு."

"நான் எங்கலே அழுதேன்? ஒன் கடைப் பொகை கண்ணுல பட்டுச்சு" என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்கதேன் அந்த ஆளா பாய்?"

"எந்த ஆளும்மா?"

"தொறந்து விடுற ஆளு."

விஷயம் இது. அவள் ஊர்க் கண்மாயிலிருந்து கடைசி வயல்கள் வரைக்கும் ஒரு வாய்க்கால். நடுவில் இருந்த தோட்டங்களை ஒருவர் வாங்கிப் பிளாட் போட்டார். வாய்க்காலில் மண்ணைக் கொட்டி அதன்மேல் ரோடு போட்டார். கடைமடைக்குத் தண்ணீர் வருவது நின்றது, மல்லிகைச் செடி காய ஆரம்பித்தது. பாண்டியம்மா மனு கொடுத்தாள், கோட்டாட்சியர் விசாரணைக்கு நாள் குறித்தார். பிளாட்காரர் தரப்பு சொன்னது, அங்கே வாய்க்காலே இருந்ததில்லை, மழைத்தண்ணி ஓடின பள்ளம்தான் என்று. அதற்கு அவளிடம் பதில் இருந்தது. அவள் அந்தத் தளத்தில் 'கடைமடைக்காரி' என்று ஒரு பக்கம் வைத்திருந்தாள். பூ விலை சொல்லுவாள், மழையைத் திட்டுவாள், அதிகாரிகளைத் திட்டுவாள், நடுநடுவே பாடுவாள். வாய்க்காலில் தண்ணீர் புரண்டு வந்த வருஷங்களில் அதில் நின்றுகொண்டு எடுத்த வீடியோக்கள், ஜேசிபி மண் தள்ளின வீடியோ, எல்லாம் அந்தப் பக்கத்தில் இருந்தன. எடுத்த போன் கிணற்றுக்குள் போய்விட்டது. இப்போது பக்கமும் போய்விட்டது. வன்முறையைத் தூண்டியதாக ஒரு வரி வந்திருந்தது. மறுபரிசீலனை கேட்டாள், மறுபடி அதே வரி வந்தது. புதுப் பக்கம் தொடங்கினாள், அதே நம்பர் என்று அதுவும் மூடிக்கொண்டது.

"வக்கீலப் பாத்தேன். அரசாங்கம் பேச விடலைன்னாத்தேன் கேசாம். இது தனியாரு எடமாம். அவன் வீட்டு நடையில நம்ம நின்னு பேசுனோம், போன்னுட்டான், அம்புட்டுத்தேங்கிறாரு."

"என்னம்மா போட்டிருந்த, அப்படி எடுக்கிற அளவுக்கு?"

அந்தப் பதிவை அவள் அக்கா மகள் முன்பே படம் பிடித்து வைத்திருந்தாளாம், அதை எடுத்துக் காட்டினாள்.

'வெள்ளிக்கெழம காலையில வெட்டு. வீட்டுக்கு ஒரு ஆளு அருவா மம்பட்டியோட வந்துருங்க. எவன் குறுக்க வந்து நின்னாலும் வெட்டாம திரும்புறதில்ல. பொம்பளையாளுகளும் வரலாம். கஞ்சி உண்டு.'

சிரித்துவிட்டேன். வாய்க்கால் வெட்டு. கருவேல முள்ளை அருவாளால் கழித்து, மண்ணை மம்பட்டியால் வாரி, ஊரே கூடி வாய்க்காலைச் சுத்தம் பண்ணுகிற நாள். கஞ்சி ஊற்றிக் கொலை செய்கிற ஊர் பூமியில் எங்காவது இருக்கிறதா?

பிறகுதான் சிரிப்பு நின்றது. ஆயுதம் இருக்கிறது, நாள் இருக்கிறது, உறுதி இருக்கிறது. விதிப்புத்தகத்தின்படி மூன்றும் இருந்தால் எடு. யோசிக்கவே வேண்டாம். என் திரையில் வந்திருந்தால் நானும் எடுத்திருப்பேன். ஏனென்றால் பக்கத்து நாற்காலிக்காரன் எடுப்பான். வந்ததோ என்னவோ. எடுத்தேனோ என்னவோ. முகமில்லாமல் ஊரில்லாமல் வருகிற நூற்றுக்கணக்கில் அதுவும் ஒன்றாக என் விரலடியில் போயிருக்கலாம். இதுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் கிடையாது.

அவளிடம் இதைச் சொல்லவில்லை. "பார்க்கிறேம்மா" என்றேன். ஆபீஸர்கள் சொல்கிற அதே 'பார்க்கிறேன்'.

திங்கட்கிழமை கதிர்வேலிடம் சொன்னேன். வழக்கம்போலக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முழுதும் கேட்டார்.

"தெரிஞ்சவங்க விசயத்தை நாம தொடக் கூடாதுங்கண்ணா. நல்ல ரூலுங்க அது. இன்னைக்கு நல்லவங்களுக்குத் தொட்டா நாளைக்கு யாருக்கு வேணாலும் தொடலாமுங்க."

"தெரியாதவங்க யாரும் நம்மளத் தேடி வர முடியாதே கதிர்வேல். நமக்குப் பலகையே இல்லையே."

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். நான் விடவில்லை.

"உங்க தோப்புக்குள்ள வாய்க்கா ஏதும் போகுதா?"

"போகுதுங்க. கீழ்த்தோட்டத்துக்காரங்களுக்குப் போற தண்ணி."

"பட்டா உங்க பேருல. அதை மூடிருவீங்களா?"

"அதெப்படிங்க மூடறது? எங்க ஐயன் காலத்துக்கும் முன்னாலிருந்து போகுதுங்க. பத்திரத்துலயே எழுதியிருக்குது. சொத்து நம்மளோடதுதான். ஆனா தண்ணிய மறிக்கிறதுக்கு நாம யாருங்க?"

"அதேதான் நானும் கேக்குறேன்."

கொஞ்ச நேரம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், நெற்றியில் தெரிந்தது. "அது வேறங்கண்ணா" என்றார்.

"எப்படி வேற?"

"அது தண்ணிங்க. இது பேச்சுங்க."

கீழே ஜவுளிக்கடையில் யாரோ விலை பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். ஆளுக்காக எழுத முடியாது, சொல்லுக்காக எழுதலாம். மொழிக்குறிப்பு என்று ஒன்று உண்டு. ஒரு தமிழ்ச் சொல் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது என்றால் அதை விளக்கி மேலே அனுப்பலாம். உதாரணமாக ஒரு பதிவைக் காட்டலாம். "அந்தம்மாவோடதைக் காட்டுங்க" என்றார், என்னைப் பார்க்காமல்.

என் வேலைக்காலத்தில் மனசு கூடி நான் செய்தது அந்த ஒன்றுதான். வெட்டு என்ற சொல்லுக்குக் குறிப்பு எழுதினேன். இங்கிலீஷில்தான், தமிழே தெரியாத யாரோ ஒருவருக்கு. கிணறு வெட்டுவது, ஊற்று காண்பதற்கு. வாய்க்கால் வெட்டுவது, தண்ணீர் நடப்பதற்கு. முடி வெட்டுவது. கிடா வெட்டு என்றால் விருந்து, உறவுக்கு அழைப்பு. மின்வெட்டு என்றால் விசிறி தேடு. கல்லில் பெயர் வெட்டினால் கல்வெட்டு. வெட்டிப்பேச்சு என்றால் பயனில்லாத பேச்சு. கண்வெட்டு என்றால் ஒரு பார்வை, யாரையும் கொல்லாது, கொன்றாலும் வழக்கில்லை. ஆளை வெட்டுவதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஜனம் இந்தச் சொல்லை மண்ணுக்குப் பிடித்த அளவு மனிதனுக்குப் பிடித்ததில்லை. கண்வெட்டை மட்டும் கதிர்வேல் அடித்துவிட்டார். "அவங்களுக்குப் புரியாதுங்கண்ணா."

சில நாளில் பக்கம் திரும்பி வந்தது. வீடியோக்களும் வந்தன. பாண்டியம்மா தனியாகவே வீட்டுக்கு வந்துவிட்டாள். சாக்கு நிறைய மல்லிகைப் பூ. என் மனைவி வஹிதா கதவைத் திறந்தவள் மலைத்து நின்றாள். "என்னங்க, நம்ம வீட்டுல ஏதும் கல்யாணமா?"

"பாய் தொறந்து விட்டுட்டாக" என்றாள் பாண்டியம்மா. என்னைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். சாமிக்கு எடுக்கிற மாதிரி. "நீங்க நல்லா இருக்கணும். தகவலும் வந்துச்சு, பாருங்க."

பார்த்தேன். 'இம்முறை உங்கள் பக்கத்தை மீண்டும் அனுமதிக்கிறோம்' என்று இருந்தது. தப்பாகப் படித்துவிட்டோம் என்று ஒரு சொல் இல்லை. வருந்துகிறோம் இல்லை. இம்முறை. அனுமதி. அவளுக்கு அது பெரிய சந்தோஷம். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அவள் பேச்சு அவளுடையது, அவள் வாய்க்கால் அவள் ஊருடையது, அவள் எடுத்த படம் அவள் கையால் எடுத்தது. அதை அவளுக்கே கொடுத்ததற்கு என்னைக் கும்பிடுகிறாள். பிள்ளையின் சட்டையைப் பிடுங்கிக்கொண்டு, அழுததும் திருப்பிக் கொடுத்து, முத்தம் வாங்கிக்கொள்கிறவன் மாதிரி இருந்தேன். வீடு முழுக்க மல்லிகை மணத்தது.

வஹிதா தெருவுக்கே பூ கொடுத்தாள். தெருவுக்கே விஷயமும் போயிற்று.

அப்புறம் வர ஆரம்பித்தார்கள். வத்தலக்குண்டிலிருந்து ஒரு டியூஷன் வாத்தியார். கொடைரோட்டிலிருந்து ஒரு ஆட்டோக்காரர், ஸ்டேஷன் வாசல் நிறுத்தத்தைப் பற்றி எழுதியதை எடுத்துவிட்டார்களாம். எல்லோர் கையிலும் போன், எல்லோர் வாயிலும் 'நீங்க ஒரு வார்த்தை சொன்னா'. வஹிதா டீ போட்டுப் போட்டு அலுத்து, "வீட்டை இ-சேவை மையமா ஆக்கிப்புட்டீக. டோக்கன் மிஷின் ஒன்னு வாங்கி மாட்டுங்க, வரிசையா வரட்டும்" என்றாள். என்னால் எதுவும் ஆகாது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். நம்பவில்லை. சொல்ல மனசில்லை என்று நினைத்துக்கொண்டு இன்னும் பணிவாகக் கேட்டார்கள்.

கதிர்வேலிடம் கேட்டேன், வெட்டு விதி மாறிவிட்டதா என்று. "விதி மாறலீங்க. அந்தம்மா பக்கத்துக்கு மட்டும் ஒரு தடவைச் சலுகைங்க" என்றார். நான் கிணற்றையும் கிடாவையும் கல்வெட்டையும் எழுதிய குறிப்பு எங்கோ போய்ப் படுத்துவிட்டது. அன்றைக்கும் மறுநாளும் எத்தனை ஊர் வாய்க்கால் வெட்டுகள் எங்கள் அறைக்குள் வந்து கொலையாகிப் போயினவோ. அவர்களுக்குத் திண்டுக்கல்லில் பரோட்டாக்கடை மச்சான் கிடையாது.

இதற்கிடையே ஒருநாள் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். பிளாட்காரரின் மேனேஜர். பாதாம் அல்வா டப்பாவை மேசையில் வைத்தார். மிரட்டவில்லை, குரலே உயரவில்லை.

"பாய், ஒரு பொம்பள எங்க முதலாளியக் கண்டபடி பேசுது. விசாரணை நடக்கையில இப்படிப் பேசலாமா? நீங்க சொன்னா எடுப்பாகளாமே."

"நான் சொன்னா எடுக்க மாட்டாங்க. எனக்கு அப்படி அதிகாரம் கிடையாது."

"சொல்லித்தானே தொறந்தாக?"

"அது வேற."

"தொறக்கத் தெரிஞ்ச கைக்கு மூடத் தெரியாதா பாய்?" என்றார், சிரித்துக்கொண்டே.

டப்பாவைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினேன். நல்லவனாக நடந்துகொண்ட திருப்தி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அவர் கேட்டதில் தப்பென்ன? பாண்டியம்மா ஒரு தெரிந்த ஆளைப் பிடித்து வந்தாள், அவரும் அதே தெரிந்த ஆளைத் தேடி வந்தார். இரண்டு பேருக்கும் நான் ஒரே கதவு. கதவு கண்ணியமானதா இல்லையா என்பதுதான் மிச்சம். அரசாங்க ஆபீஸ் என்றால் கண்ணியமில்லாதவன்மேல் மனு போடலாம், கோர்ட்டுக்கு இழுக்கலாம். எனக்கு மேலே எதுவும் இல்லை. எனக்கு மேலே ஜன்னல் திறக்காத ஒரு அறை, அதற்கு மேலே இன்னொன்று. கல்யாண மண்டபம் என்று கேட்டு நான் சிரித்தது அன்றைக்கு ஞாபகம் வந்தது. மண்டபக்காரருக்காவது முகம் உண்டு.

விசாரணையில் பாண்டியம்மா ஜெயித்தாள். வீடியோக்களைப் பார்த்தார் கோட்டாட்சியர். பழைய பத்திரத்தையும் வரவழைத்துப் பார்த்தார். நிலம் பட்டாவாகவே இருந்தாலும் அதன் வழியே போகிற நீர்ப்பாதையை மறிக்க உரிமை இல்லை, வாய்க்காலைத் திறந்துவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். சிக்கந்தர் கடையில் எல்லோருக்கும் அன்றைக்கு டீ அவள் செலவு.

அதே சமயத்தில் எங்கள் அறை மூடப்பட்டது. மெஷின் கற்றுக்கொண்டுவிட்டது என்றார்கள். எங்களிடமிருந்துதான் கற்றது, நாங்கள் அழுத்திய ஒவ்வொரு பொத்தானிலிருந்தும். என் ஓரக்கண்ணும் அதற்குள் இருக்கிறது. கதிர்வேல் ஒவ்வொருவர் நாற்காலிக்கும் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொன்னார். என்னிடம் வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. "விருப்ப ஓய்வுன்னு போட்டுக்கறாங்கண்ணா. அது கொஞ்சம் மரியாதையா இருக்குமுங்க." விருப்பம் என்னுடையதல்ல. கையெழுத்து என்னுடையது.

போன மாதம் பாண்டியம்மா மறுபடி வந்தாள். இந்தத் தடவை பூ இல்லை.

உத்தரவின் நகலைத் தன் பக்கத்தில் போட்டிருக்கிறாள். வாய்க்கால் திறக்கிற நாளைச் சொல்லி ஊரைக் கூப்பிட்டிருக்கிறாள். பிளாட்காரர் ஆட்கள் மறிப்பார்கள் என்று பேச்சு. கூட்டம் இருந்தால்தான் தாசில்தார் ஆட்கள் துணிந்து வேலை செய்வார்கள். போட்ட செத்த நேரத்தில் பக்கம் போய்விட்டது. அரசு முத்திரையோடு இருந்த உத்தரவு, அதுவும் சேர்ந்து போய்விட்டது. இந்தத் தடவை காரணம்கூட வரவில்லை.

"எங்க கடைமடை ஆளுக பாதிப்பேரு திருப்பூருல கெடக்காக. நாளு தெரிஞ்சாத்தானே வருவாக? நாலு ஊருக்குத் தெரிஞ்சா அவன் கை வைக்க மாட்டான். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க பாய்."

"நான் இப்ப அங்க இல்லம்மா."

"அப்ப அங்க யாரு இருக்கா?"

"யாருமில்ல. மெஷினு."

நம்பாமல் வஹிதாவைப் பார்த்தாள். வஹிதா தலையாட்டினாள். பாண்டியம்மா போனைப் பைக்குள் வைத்தாள். பிறகு பையிலிருந்து வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்தாள். "சரி. மனு எழுதிருவோம். கோட்டாட்சியருக்கு எழுதித்தானே வாய்க்கா கெடச்சுச்சு." தரையில் உட்கார்ந்து, தாளை முழங்காலில் வைத்துக்கொண்டாள். அவள் மனு எழுதிப் பழகியவள். மேலே அனுப்புநர் என்று எழுதி, தன் பெயரும் ஊரும் தெளிவாகப் போட்டாள். அதற்குக் கீழே பெறுநர் என்று எழுதினாள். நிமிர்ந்தாள்.

"யாருன்னு போட?"

இத்தனை வருஷம் அவர்களுக்கு வேலை பார்த்தேன். அவர்கள் சொத்தைக் காவல் காத்தேன். அவர்கள் வாசல் எந்தத் தெருவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கம்பெனியின் பெயர் சொல்லலாம், எங்கோ கடலுக்கு அப்பால் ஒரு ஊர் பெயர் சொல்லலாம். தமிழில் எழுதிய மனுவைப் பிரித்துப் படிக்க அங்கே ஒரு ஆள் இருக்கிறான் என்று மட்டும் வாய்கூசாமல் சொல்ல முடியாது. வக்கீல் சொன்னது அவளுக்கும் ஞாபகம் இருக்கும். கலெக்டரிடம் போக முடியாது. கோர்ட்டுக்குப் போக முடியாது. பெறுநர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வெள்ளையாக இருந்தது தாள்.

"பேரு தெரிஞ்ச ஆளு யாராச்சும் ஒருத்தரு இருக்கணும்ல பாய்" என்றாள். கேலி இல்லை அவள் குரலில். கோபமும் இல்லை. "ஒங்க பேரையே போட்டுக்கிரவா? எனக்குத் தெரிஞ்சு அங்க இருந்த ஆளு நீங்க ஒருத்தருதேன்."

வஹிதா என்னைப் பார்த்தாள். என்னால் அவள் பக்கம் திரும்ப முடியவில்லை.

"போட்டுக்கம்மா" என்றேன்.

"பாய்னு போட முடியாதுல்ல. முழுப்பேரு என்ன?"

சொன்னேன். ஒவ்வோர் எழுத்தாகத் திரும்பச் சொல்லி, தப்பில்லாமல் எழுதிக்கொண்டாள்.